இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே

சைக்கிளின் கியர் லீவரை இரண்டில் நிறுத்திவிட்டு, பின்சக்கரத்து வலப்பக்க நட்டில் இருக்கும் துளை வழியாக ஒற்றைக் கண்ணை இடுக்கிக்கொண்டு பார்க்கிறேன். உள்ளே கம்பியின் தோள் அச்சின் நுனியோடு சமமாக நிற்க வேண்டும், மயிரிழை வெளியே துருத்தினாலும் ஆகாது, உள்ளே போனாலும் ஆகாது. நிற்கிறது. சமமாகத்தான் நிற்கிறது. நிற்காமல் இருந்திருக்கலாம் என்று ஒரு எண்ணம் வருகிறது, வந்ததே தெரியாத மாதிரி கண்ணை எடுத்துப் பழைய பனியன் துணியில் கையைத் துடைக்கிறேன். போர்ட்டிகோவில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு திருமூர்த்தி என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார், என் வீட்டுக்காரர், மில் மெஷின் செய்கிற கம்பெனியில் காலம் முழுக்க டிராஃப்ட்ஸ்மேனாகக் கோடு போட்டவர். அவருடைய இடது கை மடிமேல் தானாக ஏதோ உருண்டை பிடித்துக்கொண்டிருக்கிறது. "சரியா நிக்குதா?" என்கிறார். பக்கத்து நாற்காலிக்குக்கூட எட்டாத குரல், எனக்கு மட்டும் கேட்கும், இப்போதெல்லாம் எனக்கு அவருடைய உதடு அசைவதே கேட்கிறது. "நிக்குதுங்க, சித்த இருங்க, ஓட்டிப் பாத்தாத்தான் தெரியும்" என்கிறேன். ஓட்டிப் பார்க்க வேண்டியது நான். கியர் வழுக்காமல் இருந்தால் எனக்குப் பிறகு அவர் ஓட்டுவார், இந்த ஞாயிற்றுக்கிழமை, இன்றைக்கே, ரோட்டில் பால் வண்டிகூட இல்லாத இந்த நேரத்திலேயே. அப்படித்தான் பேச்சு. அந்தப் பேச்சை ஒத்துக்கொண்ட என் வாயை என்ன செய்யலாம் என்று தெரியவில்லை.

டாக்டர் நடுக்குவாதம் என்றார், ரிப்போர்ட்டில் பார்க்கின்சன் என்று இருந்தது, பேர் எதுவானால் என்ன. நடுக்கம்கூடப் பெரிய விஷயமில்லை, கை நடுங்கினால் நடுங்கிவிட்டுப் போகட்டும், டம்ளரில் பாதி ஊற்றிக் கொடுத்தால் தீர்ந்தது. நின்றுபோவதுதான் என்னால் தாங்க முடியவில்லை. நன்றாக நடந்து வந்துகொண்டே இருப்பார், கதவு நிலை வந்ததும் இரண்டு காலும் தரையோடு ஒட்டிக்கொள்ளும், உடம்பு மட்டும் முன்னால் போகப் பார்க்கும், முகத்தில் ஒன்றும் தெரியாது, முகம்தான் எப்போதோ அசையாமல் போய்விட்டதே, கண் மட்டும் என்னைத் தேடும். நான் ஓடிப் போய் என் காலை அவர் காலுக்குக் குறுக்கே வைப்பேன், அதைத் தாண்டச் சொன்னால் தாண்டிவிடுவார், நடக்கச் சொன்னால் மட்டும் வராது. பிறகு ஒவ்வொரு நிலைப்படியிலும் மஞ்சள் இன்சுலேஷன் டேப்பைக் குறுக்கே ஒட்டிவைத்தேன். கோடு இருந்தால் தாண்டிவிடுவார், கோடு போட்டே வாழ்ந்தவருக்குக் கோடு சொன்னால்தான் கேட்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் என்ன இது ஏர்போர்ட் மாதிரி என்று சிரிப்பார்கள், சிரித்துவிட்டு என் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்திப் பாவம் என்பார்கள். அந்த வார்த்தையைச் சொல்கிறவர்களுக்கு நான் இரண்டாவது தடவை காப்பி கொடுப்பதில்லை. உடற்பயிற்சி சொல்லித்தர வந்த பெண் மட்டும்தான் பாவம் சொல்லாமல் ஒரு விஷயம் சொன்னாள், "நடக்கவே முடியாதவங்க சில பேரு சைக்கிள் ஜோரா ஓட்டுவாங்கம்மா, ஏன்னு எங்களுக்கே முழுசாத் தெரியாது." அவள் சொன்னது ஹாலில் போட்டு மிதிக்கிற சைக்கிளை. இவர் அதை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. "போகாத வண்டிய எதுக்கு மிதிக்கோணும்" என்றார், அன்றைக்கு அவர் பேசிய ஒரே வாக்கியம் அதுதான், சொல்லிவிட்டு மாடிப்படிக்குக் கீழே பார்த்தார். அங்கே சாக்கு மூடி அவருடைய பழைய பச்சை ராலே சைக்கிள் சாய்ந்து கிடந்தது. மூன்று ஸ்பீடு வண்டி. நான் பார்க்காத மாதிரி இருந்தேன். அடுத்த நாளும் பார்த்தார். அதற்கடுத்த நாள் நானே சாக்கை எடுத்துவிட்டேன்.

மூலைக் கடை சைக்கிள்காரர் பின்சக்கரத்து நடுவே கியரெல்லாம் அடங்கிய ஹப்பைத் தொடவே இல்லை, இந்த ஹப்பைப் பிரிச்சா எனக்குப் பூட்டத் தெரியாதுங்கம்மா என்று நேர்மையாகச் சொல்லிவிட்டார், ரிம்மில் கோட்டம் எடுத்துத் தந்தார், டயர் டியூப் போட்டுத் தந்தார், அவ்வளவுதான். மீதி என் தலையில். என் தலை என்றால் என் விரல். பம்ப் கம்பெனியில் மோட்டாருக்குக் காயில் சுற்றிய விரல், முடி மாதிரிக் கம்பியைத் தொட்டே எத்தனை கேஜ் என்று சொல்கிற விரல், ரிட்டையர் ஆன பிறகு கறிவேப்பிலை உருவுவதைத் தவிர அதற்கு வேலையே இல்லாமல் இருந்தது. டைனிங் டேபிளில் செய்தித்தாள் விரித்து ஹப்பைப் பிரித்தேன். கிரீஸ் காய்ந்து பழைய வெல்லப்பாகு மாதிரி இறுகிக் கிடந்தது. மண்ணெண்ணெய்க்கு எங்கே போவது, டீசலில் ஊறப்போட்டு ஊறப்போட்டு எடுத்தால் உள்ளே குட்டிக் குட்டிப் பல்சக்கரங்கள், ஒன்றும் தேயவில்லை, வெளியே இவ்வளவு துரு, உள்ளே புதுசு. புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வண்டியைப் பார்த்தா அழுகிறாய் கிறுக்கி என்று என்னையே திட்டிக்கொண்டேன். எது எதற்குள் போகும் என்பதை இவர் காலண்டர் தாளின் பின்பக்கம் வரைந்து காட்டினார். எழுத்தெல்லாம் சுருங்கிப்போய் எறும்பு அளவுக்கு வந்துவிட்டது அவருக்கு, கோடும் அப்படித்தான், ஒரு படம் முழுதும் தீப்பெட்டி அளவில் ஒரு மூலையில் முடிந்துவிட்டது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துப் பூட்டினேன். ஒன்றுகூடத் தப்பில்லை. பல்லைப் பிடித்து நிறுத்துகிற தாங்குமுள்ளுக்கு ஒரு ஸ்பிரிங் இருக்கிறதே, சுண்டுவிரல் நகத்தில் வைத்தால் காணாமல் போகும், அது ஒன்று தெறித்து ஃபிரிட்ஜுக்கு அடியில் போய்விட்டது, நான் தரையில் படுத்து டார்ச் அடித்துத் தேடுகிறேன், இவர் நாற்காலியிலிருந்து சொல்கிறார், "ஏண்டி, சாப்பாட்ட அங்கயே போட்டுறட்டுமா?" எத்தனையோ மாதத்துக்குப் பிறகு என்னைக் கிண்டல் செய்தார். ஃபிரிட்ஜுக்கு அடியில் முகத்தை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் கூடுதலாகவே தேடினேன்.

சரி, கிளம்பு. மகள் சுகுணா விட்டுப்போன டிராக் பேண்டை மாட்டிக்கொண்டிருக்கிறேன், மேலே இவருடைய பழைய சட்டை. ஆம்பளை வண்டி, குறுக்கே பார் இருக்கிறது, பின்னால் காலைச் சுழற்றிப் போட்டு ஏறுகிற வயசு இல்லை, வண்டியைச் சாய்த்து வைத்துப் பாரைத் தாண்டிக் காலைப் போடுகிறேன். எங்கள் லே-அவுட்டில் நடுவே ஒரு பூங்கா, அதைச் சுற்றிச் சதுரமாக ரோடு, ரோட்டுக்கு வெளிப்பக்கம் வீடுகள், மெயின் ரோட்டு வண்டி ஒன்றும் இதற்குள் வராது. ஒரு சுற்றுச் சுற்றினால் வீட்டு வாசலுக்கே வந்துவிடலாம். "பாத்துப் போ" என்கிறார். பார்த்துப் போகாமல் வேறு எப்படிப் போவார்கள். மிதிக்கிறேன். வண்டி முதலில் நெளிகிறது, பிறகு நிமிர்கிறது, மறந்துவிட்டதோ என்று பயந்தேன், உடம்பு மறக்கவில்லை, உடம்பு எதையும் மறக்காது என்று சொல்ல வந்து பாதியில் நிறுத்துகிறேன், மறக்கிற உடம்பை வீட்டில் வைத்துக்கொண்டு அதைச் சொல்லக்கூடாது. ஒன்றாம் கியரில் சத்தமே இல்லை. மிதிப்பதை ஒரு கணம் நிறுத்தி லீவரைத் தட்டுகிறேன், இரண்டு, உள்ளே டிக் டிக் என்று சுவர்க்கடிகாரம் மாதிரி சத்தம் வருகிறது. வர வேண்டிய சத்தம்தான். மூன்றாம் வீட்டு ரிட்டையர் ஆன வங்கிக்காரர் குரங்குக் குல்லாயோடு நடந்துகொண்டிருக்கிறார், என்னைப் பார்த்ததும் நின்று, "ஏனுங்க, சார் எப்படி இருக்காருங்க?" என்கிறார், சைக்கிளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை, அறுபது தாண்டிய பொம்பளை பார் வைத்த சைக்கிளில் போவது இவருக்குத் தினமும் பார்க்கிற காட்சியாக்கும். "நல்லா இருக்காருங்க, பின்னாடியே வருவாரு" என்று சொல்லிவிட்டுப் போகிறேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைக்கிறது.

பின்னாடியே வருவார். முன்பு நான்தான் பின்னாடி. கல்யாணமான புதிதில் ஷிப்ட் முடிந்து நான் கம்பெனி கேட்டுக்கு வரும்போது இந்தப் பச்சை வண்டியோடு எதிர் மரத்தடியில் நிற்பார், மற்றப் பெண்கள் எல்லாம் இடித்துக்கொண்டு சிரிப்பார்கள், நான் அவர்களைப் பார்க்காமல் கேரியரில் ஒருபக்கமாக ஏறி உட்காருவேன். ரயில் பாலம் ஏற்றத்தில் கியர் மாற்றுவார். மற்றவர்கள் எழுந்து நின்று மிதித்துத் திணறுவார்கள், இவர் உட்கார்ந்த மேனிக்கு லீவரைத் தட்டுவார், தட்டுவதற்கு முன்னால் ஒரே ஒரு கணம் மிதிப்பதை நிறுத்துவார், அந்த ஹப்புக்கு அது வேண்டும், மிதித்துக்கொண்டே மாற்றினால் பல் ஏறாது. அந்த ஒரு கணம் எனக்கு அவருடைய முதுகில் தெரியும். முதுகு சும்மா ஆகும், அடுத்த நொடி மறுபடி அசையும். பேச்சே இல்லாமல் அவருடைய உள்ளே என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரிந்த முதல் விஷயம் அதுதான். வாயால் ரொம்பப் பேசமாட்டார், அப்போதும் சரி இப்போதும் சரி. அதனால்தான் குரல் குறைந்ததை நான் இவ்வளவு நாள் கவனிக்காமல் விட்டேனோ என்று தோன்றும், தோன்றினால் அன்றைக்குத் தூக்கம் வராது. பூங்காவின் முதல் மூலை திரும்பிவிட்டேன். வேப்பம்பூ வாசம். காற்று சட்டைக்குள் புகுந்து உப்பவைக்கிறது, என் கண்ணில் தண்ணீர், காற்றால்தான், ஐயோ எவ்வளவு நன்றாக இருக்கிறது, இது இவ்வளவு நன்றாக இருக்கும் என்பதை நான் மறந்தே போனேன், இதைத்தானே அவர் கேட்கிறார், இதைத்தானே படிக்குக் கீழே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மூன்றுக்குப் போடு. நிறுத்து, தட்டு, மிதி. பிடிக்கிறது. இடம்தான் முக்கியம், இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே ஒரு இடம் இருக்கிறது இந்த ஹப்பில், அங்கே எந்தப் பல்லும் எதையும் பிடிக்காது, பெடல் சும்மா சுற்றும், கேபிள் கொஞ்சம் தளர்ந்திருந்தால் போதும், ஏற்றத்தில் அழுத்தி மிதிக்கும்போது கால் சடாரென்று வெறும் காற்றில் இறங்கும், ஆள் பாரின் மேல் விழுவார். அதற்குத்தான் இவ்வளவு பார்ப்பது. மறுபடி இரண்டு. மறுபடி மூன்று. அழுத்தி மிதி, உன் எடையெல்லாம் போடு, வழுக்கு, வழுக்கிவிடேன். வழுக்கவில்லை. நல்ல வேலை சாந்தாமணி, அருமையான வேலை, இதைத்தானே எதிர்பார்த்தாய், பிறகு ஏன் வழுக்கச் சொல்லிக் கெஞ்சுகிறாய். வாளி. எனக்கு அந்த வாளிச் சத்தம்தான். மார்கழியில் ஒரு விடிகாலை பாத்ரூமிலிருந்து வாளி உருண்ட சத்தம், அதற்குப் பிறகு சத்தமே இல்லை, நான் அடுப்படியிலிருந்து ஓடுகிற தூரம் முழுக்கச் சத்தமே இல்லை. விழுந்ததில் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை, நெற்றியில் தையலோடு போயிற்று, "வாளிக்குத்தான் அடி" என்றார். ஆனால் அந்தச் சத்தமில்லாத தூரம் இருக்கிறதே, அதை நான் இன்னும் ஓடி முடிக்கவில்லை. எந்த வீட்டில் எந்த வாளி உருண்டாலும் நான் எழுந்து நின்றுவிடுகிறேன். சுகுணா பூனாவிலிருந்து போனில் கத்தினாள், "அம்மா, உனக்குப் புத்தி கித்தி கெட்டுப்போச்சா, கீழ விழுந்து இடுப்பு ஒடஞ்சா அப்பா மறுபடி எந்திரிக்கவே மாட்டாரு." அவள் சொன்னதில் ஒரு எழுத்துத் தப்பில்லை. தப்பில்லாததைச் சொன்னதால் போனை வைத்துவிட்டேன்.

பூங்காவின் பின்பக்கம் வந்ததும் நிறுத்துகிறேன். இங்கிருந்து எங்கள் வீடு தெரியாது, மரம் மறைக்கிறது. சட்டைப் பையில் சின்ன ஸ்பேனர் இருக்கிறது, எதற்கு எடுத்து வந்தேன், வழியில் ஏதாவது முறுக்க வேண்டியிருக்கும் என்றுதான், வேறு எதற்குமில்லை, வேறு எதற்கு என்று எனக்குத் தெரியும். கேபிள் முனையில் ஒரு திருகு, அதைப் பூட்ட ஒரு குட்டி நட்டு. அதைத் தளர்த்தி இரண்டு சுற்றுத் திருப்பினால் வண்டி வழுக்கும். பிறகு வீட்டுக்குப் போய், இல்லீங்க, வழுக்குது, உள்ளே ஏதோ தேஞ்சிருக்குது, சாமான் சீமையிலிருந்து வரோணும் என்று சொல்லிவிடலாம். நம்புவார். நான் சொன்னால் நம்புவார், கெடுத்தது அதுதான். அவருக்கு ஒன்றும் ஆகாது, நாற்காலியில் உட்கார்ந்திருப்பார், நான் பார்த்துக்கொள்வேன், பாதி டம்ளர், மஞ்சள் டேப், அப்படியே போகும். பார்த்துக்கொள்வதற்கு ஆள் உயிரோடு இருக்க வேண்டும் இல்லையா, அதில் என்ன பாவம். நட்டைத் தளர்த்திவிட்டேன். திருப்பியும் விட்டேன். கை செய்துகொண்டே போகிறது, நான் வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். லீவரை இரண்டில் வைத்து ஏறி உட்கார்ந்து மிதித்தால், மிதித்த கால் தொபக்கென்று கீழே போகிறது, முழங்காலில் சுரீர் என்று பார் இடிக்கிறது, வண்டியோடு பூங்காவின் கம்பிவேலியில் சாய்கிறேன். வலி கண்ணைக் கட்டுகிறது. ஆனால் வலியைவிட வேறொன்று, ஒரு அருவருப்பு, பொங்கிய பாலை அடுப்பில் அப்படியே விட்டு வந்த மாதிரி. காயில் சுற்றிய காலம் முழுக்க என் கையிலிருந்து ஒரு கெட்ட சுற்று வெளியே போனதில்லை, சூப்பர்வைசர் அவசரப்படுத்தினாலும் போனதில்லை, தப்பு என்றால் முழுதும் அவிழ்த்துத் திரும்பச் சுற்றுவேன், கூட இருந்தவர்கள் பைத்தியம் என்பார்கள். தெரிந்தே ஒரு கெட்ட வேலையை நானே செய்து வைத்துக்கொண்டு அதைத் தள்ளிக்கொண்டு அந்த மனிதர் முன்னால் போய் நிற்பதா. அதுவும் அந்த எறும்புக் கோடுகளுக்கு முன்னால். இது நல்ல குணம் ஒன்றும் இல்லை, வெறும் கைப்பழக்கம், கை கேட்கமாட்டேன் என்கிறது. குனிந்து துளைக்குள் பார்த்து, திருப்பி, தோள் நுனியோடு சமமாகிற வரை திருப்பி, நட்டை இறுக்குகிறேன். வேண்டிய அளவுக்கு மேலேயே இறுக்குகிறேன். முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டு கொஞ்சம் அழுகிறேன், இந்த முறை காற்றால் இல்லை.

வாசலுக்கு வந்து இறங்கும்போது அவர் நாற்காலியை விட்டு எழுந்து கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். "பூங்காவுக்கு அக்கட்டால ரொம்ப நேரம் நின்னுட்ட" என்கிறார்.

"மூச்சு வாங்குச்சுங்க."

"வழுக்குதா?"

அவருடைய கண்ணைப் பார்க்கிறேன். முகம் அசையாவிட்டால் என்ன, கண் இருக்கிறது. பயந்துபோய் இருக்கிறார். வழுக்குகிறது என்று நான் சொல்லிவிடுவேனோ என்றுதான் பயம். இவ்வளவு நேரம் என் பயம் ஒன்றுதான் இந்த வீட்டில் இருக்கிற பயம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். "வழுக்கலீங்க. ஜம்முனு போகுது" என்கிறேன்.

ஏறுவதற்கு வழி முன்பே யோசித்து வைத்திருந்தோம், அவர்தான் சொன்னார். வாசல் திட்டை ஒட்டி வண்டியை நிறுத்தி நான் பிடித்துக்கொள்ள, அவர் திட்டின் மேலிருந்து பாரைத் தாண்டிக் காலைப் போட்டு உட்கார வேண்டும், ஒரு கால் திட்டில், ஒரு கால் பெடலில், நான் சீட்டைப் பிடித்துத் தள்ள வேண்டும். அவரைத் திட்டில் ஏற்றி உட்காரவைப்பதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது. ஹேண்டில்பாரில் கை வைத்ததும் நடுக்கம் வண்டி முழுக்கப் பரவி மட்கார்டு கடகடவென்று ஆடுகிறது. நிறுத்திவிடலாம் என்று வாயைத் திறக்கிறேன். "தள்ளு" என்கிறார். தள்ளுகிறேன். இரண்டு எட்டு, மூன்று எட்டு, என் கை சீட்டில் இருக்கிறது, முதுகு என் முகத்துக்கு எதிரே இருக்கிறது, அந்த முதுகு கூனிப்போய்விட்டது, ஆனால் மிதிக்கிறார், கால் இரண்டும் மாறி மாறி இறங்குகிறது, ஒன்றுகூட ஒட்டிக்கொள்ளவில்லை, மட்கார்டு சத்தம் நின்றுவிட்டது, சீட்டு என் கையிலிருந்து தானாகக் கழன்று போகிறது. போகிறார். நெளியாமல் போகிறார். தரையில் ஒரு எட்டு வைக்க என் காலைக் கேட்கிற மனிதர் நேராக, கோடு போட்ட மாதிரி போகிறார். வங்கிக்காரர் ஓரமாக ஒதுங்கிக் குல்லாயை நெற்றிக்கு மேலே ஏற்றிவிட்டுப் பார்க்கிறார். முதல் மூலை வருகிறது. அங்கே முதுகு ஒரு கணம் சும்மா ஆகிறது. நான் மூச்சை விடவில்லை. முதுகு மறுபடி அசைகிறது, திரும்பிவிட்டார், மரம் மறைத்துவிட்டது.

இனி சத்தமில்லாத தூரம். வேலிக்கு அந்தப் பக்கம் எதுவும் தெரியவில்லை, காக்கா கத்துகிறது, எங்கோ குக்கர் விசில் அடிக்கிறது, நான் ரோட்டு நடுவில் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறேன், காதை மட்டும் கழற்றி அனுப்ப முடிந்தால் அனுப்பியிருப்பேன். வரவில்லை. இன்னும் வரவில்லை. முருகா, ஒரு தடவை, இந்த ஒரு தடவை. அப்போது டிக் டிக் என்று மறுமூலையில் கேட்கிறது, பிறகு மணிச் சத்தம், மணியை வேறு அடிக்கிறார் மனிதர், ரோட்டில் நாய்கூட இல்லை. வருகிறார். சட்டை உப்பியிருக்கிறது. "மூணுல போறேன்!" என்று கத்துகிறார். கத்துகிறார்! அந்தத் தெருமுனையிலிருந்து எனக்குக் கேட்கிறது, எதிர்வீட்டு மாடியில் துணி காயப்போட வந்தவளுக்குக் கேட்கிறது. நான் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி, "பாத்தேனுங்க, பாத்துட்டேன், நிறுத்துங்க போதும்!" என்கிறேன். நிறுத்தவில்லை. என்னைத் தாண்டிப் போகும்போது தலையைத் திருப்பாமல் சொல்லிவிட்டுப் போகிறார், "சாந்தா, எறங்கறது எப்படி?"

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிகிறது, காலிலிருந்து தலை வரைக்கும் புரிகிறது. ஏறுவதற்கு வரைபடம் மாதிரி யோசித்தோம், பிரேக் கட்டை புதுசு, கேபிள் புதுசு, பல் ஒவ்வொன்றையும் தடவித் தடவிப் பார்த்தோம், நான் ஒரு மோட்டார்க்காரி, அவர் ஒரு டிராயிங்காரர், ஓடுகிறதா ஓடுகிறதா என்று மட்டுமே பார்த்தோம். மோட்டாருக்கு என்ன, சுவிட்சை அணைத்தால் இருந்த இடத்தில் நின்றுவிடும், படத்தில் வரைந்த வண்டி கீழே விழாது. சைக்கிள் நின்றால் காலை ஊன்ற வேண்டும். சட்டென்று ஊன்ற வேண்டும். சட்டென்று என்பது அவருடைய காலில் கிடையாது. இரண்டு பேரில் ஒருத்தருக்காவது தோன்றியிருக்க வேண்டாமா, இத்தனை வாரம், ஒரே டேபிளில் எதிரெதிரே உட்கார்ந்துகொண்டு. அவர் மறுபடி மூலை திரும்பிவிட்டார். நான் பூங்கா வாசல் பக்கம் ஓடுகிறேன், பிறகு வீட்டுப் பக்கம் ஓடுகிறேன், வங்கிக்காரர் என்னாச்சுங்க என்னாச்சுங்க என்று கூடவே வருகிறார், அவருக்கு எங்கே பதில் சொல்வது. டிக் டிக் டிக். வருகிறார்.

"பிரேக் புடிங்க!" என்று கத்துகிறேன்.

"புடிச்சா உழுந்துருவேன்!"

"ஐயோ, மெதுவாவாச்சும் வாங்க, நான் புடிக்கறேன்!"

"அவசரமில்ல, சித்த யோசி!" என்று சொல்லிக்கொண்டே போய்விட்டார். யோசி என்கிறார். எனக்கு நெஞ்சு வாய் வழியாக வந்துவிடும் போல இருக்கிறது, இவருக்கு அவசரமில்லையாம். அடுத்த சுற்றில் ஒன்றாம் கியருக்கு வந்துவிட்டார், சத்தமில்லாமல் மெதுவாக வருகிறார், ரோட்டின் என் பக்கம் ஒட்டியே வருகிறார், நான் கொஞ்ச தூரம் முன்னாலேயே ஓட ஆரம்பித்துவிட்டேன், செருப்பு தடுக்கிக் குப்புற விழப்போய்ச் சமாளித்து ஓடுகிறேன், வலது கை கேரியரைப் பிடித்துவிட்டது, இடது கை அவருடைய இடுப்பை வளைத்துவிட்டது, "இப்பப் புடிங்க!" பிரேக் கிறீச்சிட்டது. வண்டியும் அவரும் மொத்தமாக என் மேல் சாய்கிறார்கள், நான் காலை அகட்டி ஊன்றி முதுகைக் காம்பவுண்டுச் சுவரில் கொடுத்துத் தாங்கிக்கொள்கிறேன். நின்றுவிட்டது. விழவில்லை. யாரும் விழவில்லை.

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் அப்படியே நிற்கிறோம், அவர் சீட்டில் உட்கார்ந்த மேனிக்கு, நான் அவரைக் கட்டிக்கொண்ட மேனிக்கு. எதிர்வீட்டு மாடி, வங்கிக்காரர், எல்லோரும் பார்க்கட்டும். அவருடைய சட்டை முதுகோடு ஒட்டி நனைந்திருக்கிறது, வேர்வை வாசம், எத்தனை நாளாயிற்று இவர் இப்படி வேர்த்து. சக்கரம் நின்றதும் அவருடைய கை மறுபடி நடுங்க ஆரம்பிக்கிறது, முதலில் ஹேண்டில்பாரில், பிறகு அவருடைய தோளில், பிறகு என் கன்னத்தில் தெரிகிறது. அந்த மூன்று சுற்றுக்கும் அது எங்கே போயிருந்தது என்று எனக்குத் தெரியாது. உயிரே போய்விட்டதுங்க எனக்கு, இனிமேல் இந்த வண்டியைத் தொட்டீங்கன்னா பாருங்க, என்று ஆரம்பித்துத் திட்ட வேண்டியதையெல்லாம் மனசுக்குள் வரிசையாக வைத்திருக்கிறேன். ஆனால் வாயில் வருவது, "எறங்குங்க, மெதுவா, என் தோளப் புடிச்சுக்கங்க."

அவர் அசையவில்லை. காலைப் பார்க்கிறேன், ஒட்டிக்கொண்டுவிட்டதோ என்று. இல்லை, பெடலில் ஒரு கால் தயாராக மேலே நிற்கிறது. குனிந்து என் காதருகே, மறுபடி அந்தச் சின்னக் குரலில் கேட்கிறார்.

"எறங்கோணுமா?"

எனக்கு மூச்சு வாங்குகிறது. முழங்கால் விண்விண்ணென்று தெறிக்கிறது. அவருடைய இடுப்பிலிருந்து ஒரு கையை மட்டும் எடுத்துச் சுவரைப் பிடித்துக்கொள்கிறேன்.

"சித்த இருங்க," என்கிறேன், "செருப்பக் கழட்டிக்கறேன்."